தட்டில் வந்த விரலி மஞ்சள்

அக்கா,

குக்கர் மூடி ஆடத் தொடங்கிவிட்டது. பூண்டும் சின்ன வெங்காயமும் வேகிற வாசம் இந்நேரம் மாடிப்படி வரைக்கும் போயிருக்கும். அதே கரண்ட் குக்கர்தான். அதன் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுக்க நீங்கள் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தீர்களே, அந்த இரும்பு வாஷர் இன்னும் அதன் அடியில் இருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்றைக்குச் சமைப்பது நான் இல்லை. யார் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

நான் இந்த விடுதிக்கு வந்த சாயங்காலம் இதே வாசம்தான் அடித்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பீளமேட்டில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை கிடைத்து, தாராபுரத்திலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி வந்திருந்தேன். "பத்தரமா இரு சாமி" என்று சொல்லிவிட்டு அப்பா கேட்டிலேயே திரும்பிவிட்டார். காலையிலிருந்து இருவருமே ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் வார்டன் "சாப்டியாம்மா?" என்று கேட்டபோது, வழக்கம்போல "சாப்ட்டனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அறையில் எனக்கு முன்பே குடியிருந்த நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்து, தட்டை வைத்து, ஆவி பறக்க அரிசிம்பருப்புச் சோற்றைப் போட்டு, மேலே நெய்யை ஊற்றினீர்கள்.

"வேண்டாங்க. இப்பத்தான் சாப்ட்டேன்."

"அப்பிடியா? சரி, சாப்டாத மாதிரி நெனச்சு இன்னொருக்கா சாப்புடு அம்மணி."

பக்கத்து அறைப் பெண்களும் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சிரித்ததற்கு நீங்கள் சொன்னீர்கள்: "நம்மூர்க்காரங்ககிட்ட சாப்டியான்னு கேட்டா உசுரே போனாலும் சாப்டேன்னுதான் சொல்லுவாங்க. கேக்கவே கூடாது. போட்டுப்போடோணும்."

சோற்றுக்குள் என் விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. சுள்ளி என்று நினைத்தேன். சோறு போட்டவர்களுக்குச் சங்கடமாகிவிடுமே என்று யாருக்கும் தெரியாமல் அதை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொண்டேன். சாப்பிட்டு முடிக்கும்போது, "மஞ்ச யாருக்கு வந்துச்சு?" என்று எல்லாரும் அவரவர் தட்டைத் துழாவினார்கள். யாருக்கும் வரவில்லை. கடைசியில் நீங்கள் என் கையைப் பிடித்துத் திருப்பினீர்கள். உள்ளங்கை முழுக்க மஞ்சள்.

அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் வார்டனே மேலே வந்துவிட்டார். அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி.

"என்ன வாசம் இது?"

"தலைக்கு ஷாம்பு போட்டனுங்க்கா" என்றீர்கள் நீங்கள்.

"பூண்டு ஷாம்பாக்கும்? எனக்கும் ரெண்டு கரண்டி எடுத்து வையி."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பொடி போடுவதில்லை. உங்கள் கோபிசெட்டிபாளையம் தோட்டத்து விரலி மஞ்சளில் ஒன்றைத் தட்டி அப்படியே குக்கரில் போடுவீர்கள். அது யார் தட்டில் வருகிறதோ, அடுத்து வரும் புதுப் பெண்ணுக்கு அவள் சமைக்க வேண்டும். வந்த அன்றே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த பெண் வந்தபோது, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான், ஒரு வார்த்தை பேசாமல் அவள் முன் தட்டு வைத்தேன். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பேச வராதவளுக்கும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

காய்ச்சல் என்று ஊருக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

காரியத்துக்கு நாங்கள் சிலர் போயிருந்தோம். உங்கள் அம்மா என் கையை விடவே இல்லை. "கண்ணாலம் ஆவுல, கொழந்தை குட்டி இல்ல. என்ற பொண்ணு இருந்தாங்கறதுக்கு என்ன அடையாளங் கண்ணு இருக்குது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்து என்னென்னவோ பதில்களை யோசித்தேன். ஒன்றுகூட உங்கள் அம்மா முன்னால் சொல்லத் தகுந்ததாக இல்லை. அதன் பிறகு போனில் பேசிய போதெல்லாம் அந்தக் கேள்வி எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அவரும் மறுபடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம் கண் பரிசோதனைக்கு அவர் கோவை வந்தார். மருத்துவமனையில் வெகுநேரமாகிவிட்டது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் கூச்சம் தெளிகிற வரைக்கும் இருக்கட்டும் என்று விடுதிக்குக் கூட்டி வந்தேன். நம் அறையில் பாய் விரித்திருந்தது. அன்றைக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தது எனக்குத் தெரியாது, அக்கா. நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை.

சமைத்துக்கொண்டிருந்தது நர்சிங் படிக்கிற பெண். உங்களைப் பார்த்ததே இல்லை. உங்கள் அம்மாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், போட்டாள், நெய் ஊற்றினாள். "வேண்டாங் கண்ணு, சாப்ட்டுத்தான் வந்தேன்" என்றார் அம்மா. "செரிங்க, இன்னொருக்கா சாப்புடுங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றுகொண்டே குக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல்கள் எழுந்தன. "மஞ்ச யாருக்கு?" ஆளாளுக்குத் தட்டைத் துழாவினார்கள். அம்மாவின் இடது கை மூடியிருந்தது.

"என்னத்துக்குக் கண்ணு தேடறீங்க?" என்று கேட்டார்.

நர்சிங் பெண் முறையை விளக்கினாள்.

"இதை ஆரு ஆரம்பிச்சது?"

"தெரியலீங்கம்மா. இந்த ஹாஸ்டல் கட்டுனதுல இருந்தே இருக்குதாம். இங்கிருந்த ஒரு அக்கா வேலை மாறி ஓசூருக்குப் போனாங்க, அங்கயும் இப்ப இதேதானாம்."

உங்கள் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையை அழுத்தினார். சொல்லாதே என்று அர்த்தம். மூடிய கையைத் தட்டின் மேல் விரித்தார். "எனக்குத்தானுங் கண்ணு வந்திருக்குது" என்றார்.

"அப்ப அடுத்த சமையல் நீங்கதான். தப்பிக்க முடியாதுங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டில்தான் அம்மா பேசினார். "சின்னதுல அவளும் அவ அண்ணனும் பாத்திரங் கழுவறதுக்கு அடிச்சுக்குவாங்க. மஞ்ச யாரு தட்டுல வருதோ அவங்கதான் கழுவோணும்னு சொல்லி வெச்சேன். சண்டை தீரட்டும்னு செஞ்ச வேலை கண்ணு அது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து உறுத்துகிறது என்றார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "புதுசா ஆராச்சும் வந்தா எனக்குப் போன் போடோணும்" என்றார்.

எனக்கு அன்று நடக்கவே தோன்றவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கச் சொன்ன விளையாட்டு, உங்கள் கை வழியாக, நீங்களும் அம்மாவும் பார்த்தே இராத பெண்களுக்குச் சோறாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் தொடங்கியது என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குமே இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ. இதன் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் என்று என்னால் பார்க்க முடியவில்லை, அக்கா.

இன்று ஒரு பெண் வருகிறாள் என்று போன் போட்டேன். கோபியிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மா வந்துவிட்டார். அரிசி, பருப்பு, விரலி மஞ்சள், நெய் எல்லாம் ஒரு கட்டைப்பையில். என்னைக் குக்கர் பக்கமே விடவில்லை.

சற்று முன்தான் அந்தப் பெண் வந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள், யாரும் ஒன்றும் கேட்பதற்குள், "நான் சாப்ட்டுட்டுத்தானுங்க வந்தேன்" என்றாள்.

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. உங்கள் சிரிப்பேதான் அது, அக்கா. கீழேயிருந்து வார்டன் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது.

நான் தட்டுகளை எடுத்து வைக்கிறேன்.