பீலிக்கரைக் கன்றுகள்

செவ்வாய், இரவு. மழை விட்டும் கூரைத் தகரம் சொட்டுகிறது.

மலை ஊற்று வந்து விழும் எங்கள் பீலியில் தண்ணீர் வற்றாமலிருக்க அரசாங்க மானியத்தில் நாங்கள் நட்ட மரக்கன்றுகள் ஏன் உயரவில்லை என்று இன்று தெரிந்துவிட்டது. எல்லாம் இடுப்புக்குக் கீழே, தேயிலைச் செடி மாதிரிப் படர்ந்து நிற்கின்றன. நாளை மானிய உத்தியோகத்தர் பார்க்க வருகிறார். கன்றுகள் தேறியிருந்தால்தான் வேலி போட மிச்ச உதவி கிடைக்கும். கன்று நட்ட சங்கத்தின் தலைவன் நான், இத்தனை நாளும் வீணாக ஆடுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம், கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மனைவி செல்வியோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடம் நிறையும்வரை பேசிக்கொண்டே நின்றாள். பேச்சோடு பேச்சாக அவள் விரல்கள் பக்கத்துக் கன்றின் நுனியைக் கிள்ளின.

"என்ன புள்ள செய்யுற?"

கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். "ஐயோ, நான் கிள்ளலிங்க. கைதாங்க..."

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் அங்கேதான் நின்று பேசுவார்கள். எல்லோருக்கும் கொழுந்து கிள்ளிப் பழகிய அதே கைதான். கோபம் வரவில்லை. உத்தியோகத்தரிடம் இதை எப்படிச் சொல்வது?

குடத்தை நான் தூக்கிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து வெளியில் என்னை உரசிக்கூட நடக்காதவள், கையை நீட்டினாள்.

"கன்னுங்கள தாண்டுற வரைக்கும் புடிச்சிக்கிங்க."

லயம் வரைக்கும் நான் விடவில்லை.