எதிர் வீட்டுச் சரசுவைப் பார்க்க மதுரைக்கு

வெள்ளி, 11 நவம்பர் 1983

போடியில் விடிந்ததிலிருந்து தூறல். மலை இருக்கிற பக்கமே தெரியவில்லை. போன வருடம் ஒரு மழைக்கு ஏங்கினோம், ஏலச்செடி நின்ற வாக்கில் காய்ந்தது. இந்த வருடம் துணி காய மாட்டேன் என்கிறது.

நாளை மதுரை. ஒரு வழியாக.

எடுத்துப் போக:
குத்துவிளக்கு, சின்னது, ஜோடி
சேலை, ஊதாவில் பச்சைக் கரை
காபிப் பொடி
ஏலக்காய் (நானே உட்கார்ந்து பொறுக்கியது, கடையில் இருப்பதை நம்ப முடியாது)
மலை வாழைப்பழம், செங்காயாக
முறுக்கு. பாதி நொறுங்கும். போகட்டும்.
மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு

சரசு மதுரைக்குக் குடிபோனது ஆனியில். புது வீட்டில் பால் காய்ச்சியதற்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபமா, சோம்பலா, உடம்பு சரியில்லையா? கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதிர் வாசல், நான் இந்த வாசல். ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. கடைசி இரண்டு மாதம்தான் அவள் ஒதுங்கியே இருந்தாள், வீடு மாற்றுகிற கவலை என்று நினைத்துவிட்டேன். அவள் புருசன் த.வே. அண்ணனும் (தங்கவேல், கடைப் பலகையில் த.வே. என்றுதான் இருக்கும், எனக்கும் அதே பழகிவிட்டது) இவரும் கூட்டு வியாபாரம். மதுரைக்கு ஏலக்காய் லோடு என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள்.

இவர் வாரம் ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். ஜீப்பு ரிப்பேர். எஸ்டேட்டில் காய் எடுப்பு. "இப்பத்தான போயிருக்காக, செட்டில் ஆகட்டும்." நேற்றும் அடுத்த வாரம் என்று ஆரம்பித்தார். "நீங்க வரலேன்னா நான் தனியாப் போறேன். ரயிலு ஏறத் தெரியாதா எனக்கு" என்றேன். ரயில் நேரம் விசாரிக்கக் கிளம்பினார்.

பிள்ளைகள் நாத்தனார் வீட்டில். பால்காரருக்குச் சொல்ல வேண்டும், இரண்டு நாள் வேண்டாமென்று.

சனி, 12

மழை விட்டு நல்ல வெயில். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. எதிர் சீட்டில் இரண்டு பொம்பளைகள் பெண் பார்த்த கதை. "மாநிறந்தேன். ஆனா டைப்பு பாஸ் பண்ணியிருக்கு." "டைப்ப வச்சுச் சோறு வடிக்கப் போறோமா." உசிலம்பட்டி வரைக்கும் அதே பேச்சு.

இவர் கட்டிக் கொண்டுவந்த இட்லியைத் தொடவில்லை. ஆண்டிபட்டியில் வாங்கின டீயையும் வெளியே ஊற்றினார். வயிறு சரியில்லை போல என்று ஓமம் கொடுத்தேன். மென்றார். பாவமாக இருந்தது எனக்கு. நான் ஒரு கூறுகெட்டவள்.

மதுரையில் ரிக்‌ஷா. நான் விலாசச் சீட்டைப் பையில் துழாவுவதற்குள் இவர் வழி சொல்லிவிட்டார். "அந்த வேப்பமரத்துச் சந்துல திருப்புப்பா." அவர்கள் குடிபோனபோது சாமான் இறக்க வந்தவர்தானே, ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தேன்.

காம்பவுண்டு வீடு. ஒரே வாசல், உள்ளே வரிசையாகக் குடித்தனங்கள். கடைசி வீடு சரசுவுடையது. மெலிந்துவிட்டாள். தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி "வாடி பாக்கியம்" என்பவள், இன்று வெறும் "வா". என் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

உள்ளே இன்னொரு பெண். முப்பதுக்குள் இருக்கும். தாலி, மெட்டி எல்லாம் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், முன்பல் விழுந்திருந்தது, ஆறு வயது இருக்கலாம்.

முறை தெரியாமல் எனக்குப் பேச வராது. எங்கள் பக்கம் யாருக்குமே வராது. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூட எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு, அக்காவா மதினியா என்று முடிவு கட்டிய பிறகுதான் மற்றப் பேச்சு. கேட்டேன்.

"நீங்க சரசுக்கு என்ன வேணும்? நான் ஒங்கள எப்பிடிக் கூப்பிட?"

அவள் சரசுவைப் பார்த்தாள். சரசு அடுப்பைப் பார்த்தாள்.

"பேரு கமலா."

"பேரு இருக்கட்டும்மா. முறை?"

இவர் குறுக்கே விழுந்தார். "வந்ததும் வராததுமா என்ன விசாரணை. காபியக் குடி."

நான் விடுகிறவளா. "சரி, வீட்டுக்காரரு எங்க, சோலிக்குப் போயிட்டாரா?"

பையன்தான் பதில் சொன்னான். "அப்பா குளிக்கிறாரு. பெரியம்மா வெந்நி போட்டுக் குடுத்துச்சு." சொல்லிக்கொண்டே சரசுவைக் கை காட்டினான்.

பெரியம்மா. சரசு பெரியம்மா என்றால் இவள் சரசுவின் தங்கச்சி. சரசுவுக்குத் தங்கச்சி கிடையாது, கூடப் பிறந்தது சிலமலையில் ஒரே அண்ணன். சரி, அப்பாவின் அண்ணன் பெண்டாட்டியும் பெரியம்மாதான். த.வே. அண்ணனுக்குத் தம்பியும் கிடையாது. வேறு எந்த வழியில் பெரியம்மா வரும் என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடி நிற்கிறேன், பின்கட்டிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு த.வே. அண்ணன் வருகிறார். என்னைப் பார்த்ததும் துண்டு அப்படியே தலையில் நின்றுவிட்டது.

"அப்பா, போடி மாமா வந்திருச்சு" என்றான் பையன்.

அதோடு விட்டானா. நேராக வந்து இவர் மடியில் ஏறினான், சட்டைப் பையில் கையை விட்டான், கடலை மிட்டாயை எடுத்தான். இருக்கிறதா என்று கேட்கவில்லை. பழகின கை. இவர் என் முகத்தைப் பார்க்காமல் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சுற்றிலும் வாய்கள் அசைகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. அப்படியும் மனிதர்களுக்கு ஆகும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைத் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்கு வந்து எழுதுகிறேன். த.வே. அண்ணன் மேல்கூடக் கோபம் இல்லை எனக்கு. பிள்ளை இல்லாத வீடு, ஆம்பளை, என்னவோ செய்து தொலைத்தார். ஆனால் இந்த மனுசன். லோடு, லோடு என்று மாதாமாதம் வந்தது இங்கேதானா? நான் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றை இந்த வீட்டில் உட்கார்ந்துதான் பிரித்தாரா?

இன்னொன்று. சரசுவுக்குக் குழந்தை வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினோம். மூன்று வருடம் இருக்கும். அவள் மண்சோறு சாப்பிட்டாள். கூட நானும் விரதம். ஜீப்பு ஓட்டி வந்தது இவர். அன்றைக்கு இந்தப் பையன் நடந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். இவர் அங்கே பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குத்துவிளக்கு இன்னும் பையிலேயே. வீட்டுக்காரி கையில் கொடுக்க வேண்டியது. யார் கையில் கொடுப்பது?

ஞாயிறு, 13

மேகமூட்டம். தெருக்குழாயில் தண்ணீர் வருமென்று சரசு குடத்தோடு கிளம்பினாள். இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். "ஏ, அந்தப் பச்சைக் கொடம் எனக்கு முந்தி வச்சது." "கொடத்துல பேரா எழுதியிருக்கு." குழாயடியில் மற்றவர்கள் போட்ட இந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவளோடு தனியாகப் பேச முடிந்தது.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"சித்திரையில. ஒனக்கு?"

"நேத்து."

சரசு சிரித்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"எங்கிட்டயேவா, பாக்கியம்."

"என்ன மதினி சொல்றீக?"

"தொட்டிலு கட்டுனோம்ல. எனக்குக் கை நடுங்குதுன்னு நீதான் முடிச்சுப் போட்ட. அப்பவும் தெரிஞ்சுதான் போட்டியா? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"எனக்குத் தெரியாது. எம்பிள்ளைக மேல சத்தியமா..."

என் வாயைப் பொத்திவிட்டாள். கை ஈரம். "பிள்ளைகள இதுல இழுக்காத. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். விடு."

"யாரு சொன்னா அப்பிடி?"

"யாரு சொன்னா என்ன."

பிறகு அவளாகவே பேசினாள். "கமலா நல்ல பிள்ளை. எனக்கு எதுத்து ஒரு சொல்லு கெடையாது. பையன் எம்பக்கத்துலதேன் படுக்கான். அவ மேல எனக்குக் கோவமில்ல. இந்த மனுசன் மேலயும் ஆறிப்போச்சு. ஒம்மேலதேன் ஆற மாட்டேங்குது."

செய்தவனை எல்லாம் மன்னித்துவிட்டாள். ஒன்றும் தெரியாத என்னை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"எங்கூட போடிக்கு வாங்க. எங்க வீட்டுல வந்து இருங்க."

"ஒங்க வீட்டுக்கா?" என்றாள். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் குடத்தை நகர்த்தினார்கள். நாங்களும்.

மத்தியானம் கோழிக்குழம்பு. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, பையனைத் தவிர. த.வே. அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை, "தங்கச்சி, நல்லாச் சாப்பிடும்மா." நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளம்பும்போது சரசு வாசலுக்கு வரவில்லை. தலைவலியாம். சேலையை அவள் தலைமாட்டில் வைத்தேன். விளக்கை யார் கையிலும் கொடுக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். குங்குமம் கொண்டுவந்தது கமலா. கொடுத்துவிட்டு மெதுவாக, "மதினின்னு கூப்பிட்டா கோவிச்சுக்கிருவீகளா?" என்றாள். நேற்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்திருப்பாள் போல. "கூப்பிடு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சந்து திரும்பும்வரை என் மேல் எனக்கே ஆத்திரம்.

வரும்போது பஸ். நான் முன்னால் லேடீஸ் சீட், இவர் பின்னால். ஸ்டாண்டில் மல்லிகைப்பூ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிப் பக்கத்தில் இருந்த அக்காவுக்குக் கொடுத்தேன். "வீட்டுக்காரரு ஆசையா வாங்கிக் குடுக்காரு, வச்சுக்கம்மா" என்றார் அந்த அக்கா. தலைவலி என்றேன்.

திங்கள், 14

மழை. மாவு புளிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நேரு பிறந்தநாள், சின்னவள் ஆடப் போகிறாளாம், ரிப்பன் தேடி ஒரு மணி நேரம் போனது.

எதிர் வீட்டுப் பூட்டு கண்ணில் படாமலிருக்க ஜன்னலைச் சாத்தினேன்.

கடைக்குக் கிளம்பின இவரை மறித்துக் கேட்டேன்.

"எப்பருந்து தெரியும்?"

"மொதல்லருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெரசா ஓடிப்போயி எதிர் வீட்டுல ஒப்பிச்சிருவ."

ஆமாம், ஒப்பித்திருப்பேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை என்றேன். "எனக்குத் தெரியும்னு சரசுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டதற்குக் குடையைத் தேடினார். குடை கையிலேயே இருந்தது.

சாயங்காலம் சின்னவள் இரண்டு மிட்டாய் கொண்டுவந்து ஒன்றை எனக்கு, ஒன்றை அப்பாவுக்கு என்றாள். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் மிட்டாயை நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

செவ்வாய், 15

வெளிச்சம் வந்துவிட்டது. மலை முழுசாகத் தெரிகிறது. காலைக் காபி.

நல்ல விதமாகத்தான் சொன்னேன். "நீங்க பண்ணுனதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. எங்கூட மதுரைக்கு வந்து, பாக்கியத்துக்குத் தெரியாதுன்னு சரசுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும் எனக்கு."

"நாஞ்சொன்னா மதினி நம்பாது."

"ஏன் நம்பாது?"

காபியில் ஆடை படிந்தது. விரலால் எடுத்து ஓரத்தில் தடவினார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"சித்திரையில விசயம் தெரிஞ்ச அன்னைக்கு மதினி பெட்டியக் கட்டிருச்சு. சிலமலைக்கு, அண்ணன் வீட்டுக்கு. தங்கவேலு எங்கிட்ட வந்து அழுகுறான். நானும் போயி என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். நிக்கல. வாசப்படி தாண்டிருச்சு. வேற வழியில்லாம, 'பாக்கியத்துக்கு எல்லாந் தெரியும், சரசு அனுசரிச்சுப் போறதுதேன் நல்லதுன்னு அவளே சொன்னா'ன்னேன். பொசுக்குன்னு பெட்டியக் கீழ வச்சிருச்சு."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டாளாம். என் பேரைச் சொன்னதும்.

அன்றைக்கு நான் இங்கே, இந்த அடுக்களையில், பத்தடி தள்ளி இருந்திருக்கிறேன். அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடியிருப்பேன். என்னைக் கூப்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்.

அழுகை வரவில்லை. அடுப்பை அணைத்தேன். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டேன். "மாட்டுங்க. பொய்யி சொன்ன அந்த வாயால அவ முன்னால நின்னு நெசத்தச் சொல்லணும். அவ எங்க இருக்கணும்னு அதுக்கப்பறம் அவ சொல்லட்டும்."

"கடையில லோடு கெடக்கு" என்கிறார்.

கிடக்கட்டும் என்றேன். மாட்டிக்கொண்டிருக்கிறார்.