ஞாயிறு மதியம் இரண்டு மணி

சாண்ட்கெர்டி
மார்ச் 8

அன்பு மகள் யோரூனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது.

உன் கல்யாண அழைப்பு வந்து சேர்ந்தது. நான்கு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். அடியில் ‘முடிந்தால் வாருங்கள்’ என்று எழுதியிருந்தாய். முடியும். வருகிறேன்.

போன் செய்திருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே நான் சத்தம் போடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது காட் மீன் பருவம். படகில் என்னையும் சேர்த்து ஆறு பேர் பிழைப்பு. உன் கல்யாண வாரம் சனிக்கிழமை மாலைதான் கரைக்கு வருவோம். அதனால் ஞாயிறு காலை ஏழரை மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உருண்டை உலகப் படத்தில் நூலை வைத்து அளந்தேன்: இங்கிருந்து ஹெல்சின்கி ஆயிரத்து முந்நூற்று இருபது கடல் மைல். மணிக்கு நானூறு போனால் மூன்று மணி இருபது நிமிடம். உங்கள் கடிகாரம் எங்களைவிட இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. ஆக, பன்னிரண்டு ஐம்பதுக்கு இறங்குவேன். இரண்டு மணிக்குக் கல்யாணம் தொடங்கும்போது தேவாலயத்தில் முதல் வரிசையில் இருப்பேன்.

டிக்கெட் கொடுத்த பெண் ஒன்று ஐம்பது என்றாள். “நாப்பது வருஷமா கடல்ல கணக்குப் போடுறவன்மா நான். ஒரு மணி நேரத்த எங்க ஒளிச்சு வச்சீங்க?” என்று கேட்டேன். பாவம், சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினாள்.

கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஓஸ்மோவுக்கு உலர்ந்த மீன் கொண்டு வருகிறேன். வெண்ணெய் தடவித் தின்னச் சொல்.

மார்ச் 10

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

எங்கள் படகில் எஞ்சின் பார்க்கும் ஸ்டீனிடம் என் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அவன் நார்வேயில் வேலை பார்த்தவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கெட்டில், நார்வே, ஹெல்சின்கி பக்கமெல்லாம் மார்ச் கடைசி ஞாயிறு விடியுறதுக்குள்ள கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளிருவாங்கய்யா. நம்ம நாட்டுக் கடிகாரந்தான் வருஷம் பூரா அசையாம கெடக்கும்” என்றான். அது உன் கல்யாண ஞாயிறேதான். டிக்கெட் பெண் சொன்னதுதான் சரி. நேற்றே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஞாயிறு விமானத்துக்கு முந்தியது வியாழனன்றுதான். அப்போது நான் கடலில் இருப்பேன்.

ஒன்று ஐம்பதுக்கு இறங்கினால், வெளியே வந்து கார் பிடிக்க நேரமாகும். மூன்று மணிக்குத் தேவாலய வாசலில் நிற்பேன். இந்த முறை ஸ்டீனும் சரிபார்த்துவிட்டான், இனி மாறாது.

யோரூன், உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று புயலில் உன் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். “பொண்ணு வரட்டுமே, கெட்டில்” என்று பாதிரியார் கேட்டார். சொன்ன நேரம் சொன்ன நேரம்தான் என்றேன். நீ ஓடி வந்தபோது குழியை மூடியிருந்தார்கள். அன்று நான் செய்தது தப்பு. பெரிய தப்பு. இதை உன்னிடம் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

நீயும் ஓஸ்மோவும் எந்தக் காற்றிலும் கவிழாமல் நெடுங்காலம் வாழவேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் கேட்கிறேன், மகளே: ஒரு மணி நேரம் எனக்காகக் காத்திரு.

உன் அப்பா,
கெட்டில்