அக்காவுக்கு நாலு வரி

ஜூன் 12, 2007. செவ்வாய்.
காலையிலிருந்து சாரல். சைக்கிள் பஞ்சர். செல்வத்தின் ப்ளெக்ஸ் கடைக்கு நடந்தே போனேன். கம்பத்தில் எத்தனையோ ப்ளெக்ஸ் கடை. வாசகம் எழுத ஆள் வைத்திருப்பது செல்வம் மட்டும். அந்த ஆள் நான்.
இன்றைக்கு: பூப்புனித நீராட்டு ஒன்று, பேக்கரி திறப்பு ஒன்று, கண்ணீர் அஞ்சலி ஒன்று. டீ ஆறுவதற்குள் முடித்தாயிற்று. செத்தவரை எனக்குத் தெரியாது. அவர் மகன் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதார்.
"எங்கிட்டிருந்துண்ணே வருது உங்களுக்கு?" என்றான் செல்வம்.
எங்கிருந்தும் வரவில்லை. கை எழுதுகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 17, ஞாயிறு.
தேனியில் கவிஞர்கள் கூட்டம். கவிதையை நாம் எழுதக் கூடாதாம், அதுவாக இறங்க வேண்டுமாம். பேசியவர் ஒரு வரிக்காக மேகமலையில் ஒரு வாரம் ரூம் போட்டுக் காத்திருந்தாராம். ரூமுக்கு யார் பணம் கட்டியது என்று கேட்க நினைத்தேன். கைதட்டினேன்.
வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால்: "அவரா? ப்ளெக்ஸுக்கு எழுதுறவருப்பா." எரிந்தது.
திரும்பும் வழியில் சின்னமனூரில் இறங்கி அக்காவைப் பார்த்தேன். பாதியாகிவிட்டாள். பேச மூச்சு வாங்குகிறது.
"எனக்கு ஒண்ணு எழுதுறேன்னியேடா. எம்பேரு வரணும் அதுல."
நான் படிக்க வேண்டுமென்று எட்டாவதோடு நின்று, திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டப் போனவள். நான் வழக்கம்போல, "தானா வரணும்க்கா" என்றேன்.
"வரட்டும், வரட்டும். எனக்கென்ன அவசரம்."
பேக்கரிக்கு வருவது இவளுக்கு வராதா? இவளுக்கு எழுதுவது மட்டும் உசத்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஜூன் 20, புதன்.
தக்காளி, சீமெண்ணெய், சைக்கிள் ட்யூப். அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். கரண்ட் போனது. நல்லதாகப் போயிற்று என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 24, ஞாயிறு.
நேற்று விடியும்போது அக்கா போய்விட்டாள். முதல் பஸ்ஸில் போனேன்.
மத்தியானம் தெருமுனையில் ப்ளெக்ஸ் கட்டினார்கள். ஆளுயரத்துக்கு அவள் முகம். துக்க வீட்டில் என்னை எதற்குத் தொந்தரவு செய்வதென்று செல்வம் அவனாகவே அடித்து அனுப்பியிருக்கிறான், கம்ப்யூட்டரில் கிடந்த பழைய வாசகத்தை எடுத்துப் போட்டு. தை மாதம் ஒரு ரைஸ்மில்காரருக்கு நான் எழுதியது. ‘அய்யாவே’ இருந்த இடத்தில் ‘அம்மாவே’.

ஊருக்கே நிழல் தந்த ஆலமரமே, அம்மாவே
வேரோடு சாய்ந்தெம்மை வெயிலில் விட்டாயே

அக்கா ஒருநாள் நிழலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தா மாப்ள, எந்தம்பி எழுதுவான்னு. எழுதிட்ட. பேரும் பெருசா வந்திருக்கு. பாக்கத்தான் அவ இல்ல."
ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு அந்த ரைஸ்மில் வரியைப் படித்து நானும் அழுதேன். வெட்கங்கெட்ட அழுகை.

ஜூலை 9, திங்கள்.
நேற்று காரியம் முடிந்தது. மாமா ப்ளெக்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு எதிரே சுவரில் அடித்துவிட்டார். இனி அந்த வீட்டில் போய் உட்கார முடியாது.
இன்று கடை. உத்தமபாளையத்திலிருந்து ஒருவர், அம்மா தவறிவிட்டார்களாம். "சின்னமனூர்ல ஒரு அம்மாவுக்குப் போட்டிருந்தாகளே, அதே வாசகம் போடுங்க. உசுரக் குடுத்து எழுதியிருக்காக."
செல்வம் என் முகத்தைப் பார்த்தான். புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன்.
"வேணாங்க, அதுவே போதும்."
சரி, பேரை மட்டும் மாற்று என்றேன். செல்வம் கம்ப்யூட்டரில் அழிக்க ஆரம்பித்தான். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போனது, பேச்சியம்மாள். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.