சேவியர் அண்ணையின் நோட்டீஸ்

11 ஒக்டோபர் 2008, சனி

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. படுத்தாலும் நித்திரை வராது.

லண்டன் செவன் கிங்ஸில் மரக்கறிக் கடை வாசலில் சேவியர் அண்ணை இன்றும் கசினோ சூதாட்ட விடுதியின் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றார். "மெஷினில் போடும் காசில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்" என்று தமிழில் அச்சடித்த அதே நோட்டீஸ். அதை நம்பித்தான் என் கணவர் ஜூட், வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதையும் அந்தச் சூதாட்ட மெஷினில் போட்டார். விட்டதெல்லாம் திரும்பி வரும் என்று கடைசிக் காசு போகும்வரை காத்திருந்தார்.

நேரே போய்க் கேட்டேன். "அண்ணை, ஜூட்டின்ரை காசு எப்ப திரும்பி வரும்?"

"அது எல்லாற்றை காசையும் சேர்த்துச் சொல்லுற கணக்கு, தங்கச்சி. ஒராளுக்கெண்டு இல்லை."

"அப்ப அதை ஏன் இதிலை போடேல்லை?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நான் விடவில்லை.

"நீங்கள் அதிலை காசு போடுறனீங்களோ?"

"எனக்கென்ன விசரே, அதிலை காசு போட?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அதை அப்படியே கடை முழுவதும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். நோட்டீஸ் வாங்கியிருந்த ஒரு பெண் அதைக் கசக்கி அவர் காலடியில் போட்டாள். அவர் முகம் கறுத்துப்போனது. எனக்கு அது போதவில்லை.

வீட்டில் சொன்னபோது ஜூட், "பாவம், அந்தாளும் பிழைக்கத்தானே வேணும்" என்றார். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

பாவமாம். அடுத்த சனியும் அவர் அங்கே நிற்பார். நானும் போய் நிற்பேன். வேறு கடைக்கு மாறினால் அந்தக் கடைக்கும் போவேன்.