அந்த ஸ்குரூவைத் திருப்பியது நான்தான்

குரும்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையைத்தான் போடாமல் ஒளித்து வைக்கிறாள். மக்காச்சோளத்துக்கு நல்ல மழை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதைப் போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய்.

நீ ஏழாவது படிக்கும்போது டிவியில் மாட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்று நம் வீட்டில் இருந்ததே, ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் என்னோடு வேலை பார்த்த சார் மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. பள்ளிக் கண்காட்சிக்காக அதில் ஒரு வினாடிவினா எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்தாய். அன்றைக்கு எல்லார் முன்னாலும் டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட்டியபோது அது கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. எனக்குத் தெரியாத மிஷினா என்ற திமிரில், நீதான் கேசட்டை ஸ்பீக்கர் மேல் வைத்து அதன் காந்தத்தால் கெடுத்துவிட்டாய் என்று முடிவு கட்டி, டீச்சர் எதிரிலேயே, "ஒரு கேசட்ட பத்திரமா வைக்கத் துப்பில்ல, ஒனக்கு எதுக்கு கம்ப்யூட்டரு" என்று கத்தினேன். அதற்கப்புறம் நீ அதைத் தொடவே இல்லை.

போன வாரம் பீரோவில் அந்தக் கேசட் கிடைத்தது. பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துகொள்கிற எமுலேட்டர் என்ற சாப்ட்வேரை நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் போட்டு, நம் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் கொடுத்து ஓட்டினேன். ஏறவில்லை. டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கிற ஹெட் பக்கத்தில் இருக்கிற ஸ்குரூவை இம்மி இம்மியாகத் திருப்பினேன், கீச்சென்ற சத்தம் தெளிந்ததும் ஏறிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. கண்காட்சிக்கு முதல் நாள், என் பாட்டுக் கேசட் மந்தமாகக் கேட்கிறதென்று அதே ஸ்குரூவைத் திருப்பியது நான்தான். நீ பதிந்தபோது ஹெட் இருந்த நிலை வேறு, நான் திருப்பிய பிறகு வேறு. உன் கேசட் கெடவே இல்லை கண்ணு.

முதல் கேள்வி ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது, அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததா என்று. தப்பாகச் சொன்னால் என்ன வரும் பார்ப்போம் என்று, இல்லை என அடித்தேன். "தெரியலையா? எங்க அப்பாவைக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்" என்று வந்தது. அம்மா என்ன என்ன என்று கேட்கிறாள், அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அப்பாவை மன்னித்துவிடு தாயி. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அந்த வினாடிவினா பைலை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் குழந்தையோடு உட்கார்ந்து போட்டுப் பார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற அந்த வரியை மாற்றுவதென்றால் மாற்றிக்கொள், எனக்கு வருத்தமில்லை.

உன் அப்பா,
ராசாங்கம்