இன்னொரு கட்டிலுக்கு இடம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பில் ரத்தக்கட்டு மட்டும்தான் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. போனில் விசாரித்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில்தான். நாலு பேர் நடுவில் பேச எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் கடிதம்.

மாப்பிள்ளை உங்களைப் பார்த்துவிட்டு வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து என் அறையை அளந்தார். என் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினால் இன்னொரு கட்டிலுக்கு இடம் வருமாம். தையல் மெஷினை மட்டும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் என்ன, நான் இப்போது யாருக்குத் தைக்கப் போகிறேன். இது உங்கள் மகன் வீடு. நான் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேனே என்று நீங்கள் யோசிக்கவே கூடாது. அவசியம் வந்துவிடுங்கள்.

பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. பல் ஒன்று விழுந்திருக்கிறது. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறாள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

மார்ச் 16

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தையல் டீச்சர் கை அல்லவா, கோடு போடாத காகிதத்திலும் நேராகத்தான் போகிறது. நான் காலமெல்லாம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் கிறுக்கிப் பழகியவள். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

விழுந்தது பெரிய விஷயமே இல்லை. விழுந்த பிறகு எழுந்திருக்கத் தெரியவில்லை, அதுதான் விஷயம். கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்தான். "இனிமே உன்னத் தனியா விடமாட்டேம்மா, கிளம்பு" என்று ஒற்றைக்காலில் நின்றான். பெற்றவள் நான், எனக்குப் பிடிவாதம் குறைவாகவா இருக்கும்? கடைசியில் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம்.

இங்கே தபால் ஆபீசுக்கு எதிரே ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. அறுபது தாண்டியவர்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சி வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மதியச் சாப்பாடு. நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பாள். யாராவது வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் போன் போட்டு விசாரிக்க வேண்டும், அது அங்கே சட்டம். வகுப்பு நடத்தும் டீச்சர் நம் பெண்ணைவிடச் சின்னவள். அதட்டுவதில் மட்டும் பெரியவள்.

ஜூன் மாதம் அவள் ஒரு சோதனை வைப்பாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். முக்கியமாக, தரையில் படுத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். மகன் நேரில் வந்து பார்ப்பான். எழுந்துவிட்டால் நான் என் வீட்டிலேயே இருக்கலாம். எழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

அதனால் கட்டிலுக்கு அவசரமில்லை. தையல் மெஷின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
சம்பந்தி

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்த வயதில் உங்களுக்கு எதற்குச் சோதனையும் பரீட்சையும்? பேசாமல் வந்துவிடுங்கள். நான் இடைஞ்சலாக இருப்பேன் என்று நினைத்துத்தான் தயங்குகிறீர்களோ என்று எனக்கு மனசு உறுத்துகிறது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். என் தம்பி ரொம்ப நாளாகவே "அக்கா, எங்க வீட்டுல வந்து இருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தள்ளிப்போட்டு வருகிறேன். நீங்கள் வந்துவிட்டால் எனக்கும் ஒரு வழி பிறக்கும்.

ஒரு சந்தேகம். தரையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எப்படி எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நான் உங்களைவிடச் சின்னவள். எனக்கே கீழே உட்கார்ந்தால் என் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

ஏப்ரல் 19

அன்புள்ள சம்பந்தியம்மா,

எப்படி எழுவது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது செய்து பாருங்கள். முதலில் பதறக் கூடாது. மல்லாந்து கிடந்தால் மெதுவாகப் பக்கவாட்டில் புரள வேண்டும். முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி, குழந்தை மாதிரி முட்டி போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் நாற்காலிவரை தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். படிக்கச் சுலபமாக இருக்கும். முதல் நாள் நான் நாற்காலிவரை போய்ச் சேர்ந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அந்தக் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். பாங்கு மேனேஜராக இருந்தவர், மீன் விற்றவள், நான், எல்லோரும் வரிசையாகத் தவழ்கிறோம். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயரே 'ரைட்டு'தான். ஒருவர் எழுந்து நின்றதும் "ரைட்டு, போலாம்" என்று குரல் கொடுப்பார். எனக்கு இன்னும் ரைட்டு கிடைக்கவில்லை. முட்டி வலிதான் கிடைத்திருக்கிறது. அந்தச் சிமெண்டுத் தரைக்கு இரக்கமே கிடையாது.

கூடத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பிக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துக் கொடுத்தார்கள். "இது துணி காயப்போட இல்லம்மா" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மாலையே துண்டைக் காயப்போட்டேன். பிறகு பயந்து எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி

மே 8

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். முட்டிக்குக் கட்டிக்கொள்ளப் பஞ்சு வைத்து உறை தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூடுதலாகவும் சில வைத்திருக்கிறேன். மீன் விற்ற அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுங்கள்.

நானும் செய்து பார்த்தேன். வீட்டில் ஆள் இல்லையென்று நம்பி ஹாலில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். "என்ன அத்தை, என்ன தேடுறீங்க?" என்றார். "கம்மல் திருகாணி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாவம், ஆபீஸ் பேன்ட்டோடு மண்டி போட்டு சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். பிறகு என் பெண் வந்தாள், அவளும் தேடினாள். இரண்டு திருகாணியும் என் காதிலேயே இருந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று சொல்லி, நாற்காலியைப் பிடித்து, நீங்கள் எழுதிய மாதிரியே எழுந்துவிட்டேன். அன்றெல்லாம் எனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சோதனையில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தாலும் இங்கே வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சொல்ல வேண்டியது என் கடமை. தம்பியும் கூப்பிட்டபடியே இருக்கிறான்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

ஜூன் 9

அன்புள்ள சம்பந்தியம்மா,

எனக்கு ரைட்டு கிடைத்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை வந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தவன் மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். நீங்கள் தைத்த உறையைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தேன். புரண்டேன், தவழ்ந்தேன். நாற்காலியைப் பிடித்ததும் கால் நடுங்கியது. அவன் பதறி எழுந்தான். "நீங்க உக்காருங்க சார், அவங்களே எழுந்துப்பாங்க" என்று டீச்சர் ஒரு அதட்டல் போட்டாள். அவன் உட்கார்ந்தான், நான் எழுந்தேன். கண்டக்டர் போட்ட சத்தம் எதிரே தபால் ஆபீசில் கேட்டிருக்கும். "சரிம்மா, நீ இங்கயே இரு" என்று மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து சந்தோஷமாக உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி இரண்டிலும் தம்பி கூப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என் பிடிவாதத்தில் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். நீங்கள் இத்தனை வருஷமாக என் பேத்தியை வளர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி உங்கள் தம்பி வீட்டில் நிம்மதியாக இருங்கள். இப்போதுதான் எனக்குக் கால் நன்றாக இருக்கிறதே, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக நான் ஆயிற்று. ஜூலை மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மகனிடமும் சொல்லியாயிற்று. கட்டில் பார்க்கக் கிளம்பிவிட்டானாம்.

கூடத்தில் சொன்னேன். அன்று சாப்பாட்டு மேஜையில் மீன் விற்றவள் தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். டீச்சர் பதிவேட்டில் என் பெயரை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறாள். போகப் போகச் சரியாகிவிடும்.

அன்புடன்,
சம்பந்தி

ஜூன் 15

சம்பந்தியம்மா,

வராதீர்கள்.

இதற்கு மேல் மரியாதையாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், பேத்தி சறுக்கு மரத்தில் இருக்கிறாள். வீட்டில் வைத்து எழுதினால் மறுபடியும் 'அவசியம் வாருங்கள்' என்றுதான் என் கை எழுதும்.

நீங்கள் பையனைப் பெற்றவர். நான் உங்கள் மகன் வீட்டில் இருக்கிறவள். வாருங்கள் என்று நான் சொல்லாமல் இருக்க முடியுமா? முதல் கடிதத்தில் உபசாரத்துக்குச் சொன்னேன். அடுத்ததில், நீங்கள் என்னால் தயங்கக் கூடாதே என்று தம்பியைச் சேர்த்தேன். என் தம்பி ஒரே ஒரு தடவை கூப்பிட்டான், ஒரு கல்யாணத்தில், கை கழுவும் இடத்தில், வேறு யாரையோ பார்த்துக்கொண்டே. அவன் வீட்டுக்கு நான் போனால் எங்கே உட்காருவது என்றுகூட எனக்குத் தெரியாது.

எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேத்தி என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். மாப்பிள்ளை டேப்பை எடுத்து என் அறையை அளந்த அன்றிலிருந்து, நான் எங்கே போவேன் என்றுதான் ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்காக மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை, எனக்காகவும்தான்.

உங்களுக்கும் இங்கே வர இஷ்டமில்லை. அந்தக் கூடத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே ஓடுகிறது. டிக்கெட் எடுத்ததை எழுதும்போது தள்ளாடுகிறது. அங்கேயே இருங்கள்.

இதைப் படித்து நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஆனால் வராதீர்கள்.

சம்பந்தி

ஜூன் 23

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் திகைத்துப்போனேன். அடுத்த தடவை படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மூன்றாவது தடவை அழுதேன். கோபம் மட்டும் வரவேயில்லை. கல்யாணம் பேச வந்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசிய முதல் நிஜமான பேச்சு இது. நீ மட்டும் இதை எழுதாமல் விட்டிருந்தால், இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக ஆளுக்கொரு வீட்டை இழந்திருப்போம்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கூடத்துக்குப் போய், நான் எங்கேயும் போகவில்லை என்றேன். கண்டக்டர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ரைட்டு என்றுதான் சொன்னார்.

பையனைப் பெற்றவள் என்ற உரிமையை நான் இதுவரை எதற்கும் எடுத்தவள் இல்லை. நேற்று எடுத்தேன். அவனைப் போனில் கூப்பிட்டு, முதலில் ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். "கட்டில் வேணாம். நான் இங்கதான் இருக்கப்போறேன். உங்க அத்தை அந்த வீட்டுல விருந்தாளி இல்ல. அது அவங்க ரூம். இத நீ மனசுல வச்சுக்கிட்டா போதாது, வாயத் திறந்து அவங்ககிட்ட சொல்லணும்" என்றேன். "அத்தைக்கு அது தெரியாதாம்மா?" என்று ஆச்சரியமாகக் கேட்டான். தெரியாது என்றேன். அவன் சொல்லிவிட்டானா, எப்படிச் சொன்னான் என்று வரி விடாமல் எழுது.

பள்ளிக்கூட லீவில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நீ இங்கே வர வேண்டும். உன் முட்டி உறையைக் கட்டியவர்கள் எல்லோரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இது உபசாரத்துக்குச் சொல்வது இல்லை. வரப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று எழுது.

உன்,
அக்கா